"அடுத்தது எப்போ?"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி, "போன தடவை என்ன ஆச்சு?"ன்னு கேளுங்க

1/
மக்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா கடைசி வரை படிங்க. முதல் பிரசவம் சிக்கலா முடிஞ்ச வீடு எதுவா இருந்தாலும், அந்த வீட்டில் எல்லாரும் படிக்கணும். குறிப்பா ஆம்பளைங்க.

2/
நம்ம பரமக்குடியில் ஒரு பொண்ணு முதல் குழந்தை பெத்து ஆறு மாசம் ஆயிட்டா போதும். பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறவங்க, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரங்க, எமனேஸ்வரத்துல இருந்து வந்த சொந்தக்காரங்க எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "அடுத்தது எப்போ?"

அந்தப் பொண்ணுக்கு முதல் பிரசவத்தில் நாலு பாட்டில் ரத்தம் ஏத்தியிருக்கலாம். வலிப்பு வந்து ஐ.சி.யூ.வில் கிடந்திருக்கலாம். குழந்தையே தங்காம போயிருக்கலாம். அதைப் பத்தி ஒருத்தரும் கேட்கிறதில்லை.

3/
என் வாதம் இதுதான். இரண்டாவது கர்ப்பத்துக்கான தயாரிப்பு, நாள் தள்ளிப்போன அன்னைக்கு ஆரம்பிக்கிறது இல்லை. முதல் பிரசவம் முடிஞ்சு டிஸ்சார்ஜ் ஆகிற அன்னைக்கே ஆரம்பிக்குது.

நம்ம ஊரில் தயாரிப்புன்னா மூணுதான்: ஜாதகம், நேர்த்திக்கடன், வீட்டுக்காரரோட லீவு. கோயிலுக்குப் போங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா முத்தாலம்மன் உங்க பி.பி.யைப் பார்த்து எழுதித் தர மாட்டா. அதை நாமதான் பார்க்கணும்.

4/
ஓ.பி.யில் இரண்டாவது கர்ப்பத்தோட வர்ற பொண்ணுங்ககிட்ட நான் கேட்கிற முதல் கேள்வி: "போன தடவை என்னம்மா ஆச்சு?"

வர்ற பதில்கள்:
"கொடி சுத்திருச்சு."
"தண்ணி வத்திருச்சு."
"குழந்தை உள்ளேயே தண்ணி குடிச்சிருச்சு."
"திடீர்னு பி.பி. ஏறிருச்சு, கிழிச்சு எடுத்துட்டாங்க."

பல நேரம் பொண்ணு பதில் சொல்றதே இல்லை. கூட வந்த அத்தைதான் சொல்வாங்க. அதுவும் வார்டு வாசலில் நின்னு கேட்டதுதான்.

5/
இதெல்லாம் நோயோட பெயர் இல்லை, வீட்டுக்குள்ள புழங்குற கதை. "பி.பி. ஏறிருச்சு"ன்னா எத்தனாவது வாரத்தில்? 30ஆ, 38ஆ? 30ன்னா அடுத்த கர்ப்பத்துக்கு ஒரு திட்டம். 38ன்னா வேற திட்டம்.

"ஆபரேஷன்"ன்னா கருப்பையைக் குறுக்கே வெட்டினாங்களா, நெடுக்கே வெட்டினாங்களா? வெளியே தோலில் இருக்கிற தழும்பை வச்சு உள்ளே இருக்கிற தழும்பைச் சொல்ல முடியாது. இந்த ஒரு வரி தெரியாம இரண்டாவது பிரசவத்தை முடிவு பண்றது, கண்ணைக் கட்டிட்டு வண்டி ஓட்டுற மாதிரி.

6/
அந்த ஒரு வரி எங்கே இருக்கு? முதல் பிரசவத்தோட டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஆபரேஷன் குறிப்பிலும்.

அந்த ஃபைல் எங்கே இருக்கு? இங்கேதான் நம்ம வழக்கமே நமக்கு எதிரியா நிக்குது. முதல் பிரசவம் தாய் வீட்டில், கமுதி பக்கமோ முதுகுளத்தூர் பக்கமோ. இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் புகுந்த வீட்டில். ஊரு வேற, ஆஸ்பத்திரி வேற, டாக்டர் வேற. நடுவில் ஃபைல் காணாமப் போகுது. கல்யாண ஆல்பம் பீரோவில் பத்திரமா இருக்கும். உயிரைக் காப்பாத்துற நாலு பேப்பரைத்தான் பழைய பேப்பர்காரருக்குப் போட்டிருப்பாங்க.

7/
ஃபைல் இல்லையா? போய்க் கேளுங்க. கேட்கிறது உங்க உரிமை, யாரும் போடுற பிச்சை இல்லை. 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள்படி உள்நோயாளிகளோட பதிவேடுகளை 3 வருஷம் வச்சிருக்கணும். நோயாளி கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள தரணும்.

"இல்லைங்க, அதெல்லாம் குடுக்க மாட்டோம்"னு கவுண்டரில் சொன்னா, எழுதிக் குடுத்து, அதோட நகலில் சீல் வாங்கிட்டு வாங்க. பேசுறதை விட எழுதிக் குடுத்தா சீக்கிரம் வேலை நடக்கும்.

8/
அந்த ஃபைலில் பார்க்க வேண்டியது:

• எத்தனாவது வாரத்தில் பிரசவம், குழந்தை எடை என்ன
• சிசேரியன்னா ஏன் பண்ணினாங்க, கருப்பையில் வெட்டு எந்தத் திசையில்
• ரத்தப்போக்கு எவ்வளவு, எத்தனை யூனிட் ரத்தம் ஏத்தினாங்க
• பி.பி., சுகர், வலிப்பு
• ஆயுதப் பிரசவமா, ஆசனவாய் வரைக்கும் கிழிஞ்சதா
• ரத்த வகை. நெகட்டிவ்னா, குழந்தை பாசிட்டிவா, 72 மணி நேரத்துக்குள்ள ஆன்ட்டி-டி ஊசி போட்டாங்களா
• குழந்தை இறந்திருந்தா என்ன காரணம் எழுதியிருக்கு

புரியலைன்னா போட்டோ எடுத்து வச்சுக்குங்க. அடுத்த டாக்டருக்குப் புரியும்.

9/
இனி இடைவெளி. பிரசவம் முடிஞ்சு அடுத்து கரு தரிக்கிறதுக்கு நடுவில் குறைஞ்சது 24 மாசம் இருக்கணும்ங்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட பரிந்துரை. பிறந்த தேதிக்கும் பிறந்த தேதிக்கும் 24 மாசம்னு நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. அப்படி இல்லை. கரு தரிக்கிறதுக்கு முன்னாடியே 24 மாசம். அதாவது இரண்டு குழந்தைக்கும் நடுவில் கிட்டத்தட்ட மூணு வருஷ வித்தியாசம்.

10/
சிசேரியன் ஆனவங்களுக்கு இது இன்னும் முக்கியம். தோலில் தையல் பத்து நாளில் ஆறிடும். கருப்பைத் தசையில் போட்ட தையல் அப்படி இல்லை, அது உறுதியாக மாசக்கணக்கில் ஆகும். முதல் சிசேரியனுக்கும் அடுத்த பிரசவத்துக்கும் நடுவில் 18 மாசம்கூட இல்லைன்னா, பிரசவ வலியில் அந்தத் தையல் விட்டுப் போற ஆபத்து இரண்டு மூணு மடங்கு கூடுது. தையல் விட்டா தாய், குழந்தை இரண்டு உயிருக்கும் சில நிமிஷம்தான் டைம்.

11/
இங்கேதான் நம்ம மாவட்டத்தோட கதை வருது. ராமநாதபுரத்துக்காரங்க பாதி வளைகுடாவில், சிங்கப்பூரில், மலேசியாவில். வீட்டுக்காரர் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, இல்ல வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாச லீவில் வர்றார். "இப்ப விட்டா அடுத்த லீவுதான்"னு ஒரு அவசரம். அந்த அவசரத்தில் எட்டு மாசக் குழந்தை இடுப்பில் இருக்க, வயித்தில் அடுத்தது.

ஒரு கம்பெனியின் லீவு சார்ட்டைப் பார்த்து ஒரு பொண்ணோட கருப்பை முடிவு பண்ணணுமா? அண்ணே, தம்பி, நீங்க அங்கே வெயிலில் படுற கஷ்டம் தெரியும். ஆனா நீங்க லீவு முடிஞ்சு ஃப்ளைட் ஏறின பிறகு, அந்த ஆபத்தைத் தனியாச் சுமக்கிறது அவங்கதான்.

12/
"தாய்ப்பால் குடுக்கிறவரைக்கும் தங்காது"ங்கிற நம்பிக்கையில் ஏமாந்தவங்க ஏராளம். மூணு நிபந்தனையும் சேர்ந்தாதான் அது வேலை செய்யும்: குழந்தைக்கு ஆறு மாசம் ஆகியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே குடுக்கணும், மாதவிடாய் திரும்ப வந்திருக்கக் கூடாது. இதில் ஒண்ணு விட்டாலும் பாதுகாப்பு போச்சு. மாதவிடாய் வர்றதுக்கு முன்னாடியே கருமுட்டை வெளியாகும். அதனாலதான் "தீட்டே வரலை, நாலு மாசம்னு சொல்றாங்க டாக்டர்"னு வந்து நிக்கிறாங்க.

13/
அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்குது: காப்பர் டி, மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடுற அந்தரா ஊசி, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை, ஆணுறை. காப்பர் டி-யை பிரசவம் ஆன உடனேயே, சிசேரியன் நடக்கும்போதேகூட வைக்கலாம். வேண்டாம்னா எடுத்துக்கலாம். "கர்ப்பப்பையைக் குத்திட்டு நெஞ்சுக்கு ஏறிடும்"ங்கிறது கட்டுக்கதை.

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வெட்டுப்பட்டது அவங்க, தையல் போட்டது அவங்களுக்கு, பால் குடுக்கிறது அவங்க. ஆணுறை போடுறதுக்குக்கூட ஆம்பளைக்கு "சங்கடமா இருக்கு"ன்னா, சங்கடம்ங்கிற வார்த்தைக்கு அர்த்தமே இல்லாமப் போச்சு.

14/
அடுத்து, "முதல் தடவை சிசேரியன்னா இரண்டாவதும் சிசேரியன்தான்." இதை மக்கள் மட்டும் சொல்லலை, எங்க ஆட்களும் சொல்றாங்க.

இந்த வாக்கியத்துக்கு நூறு வயசுக்கு மேல ஆச்சு. 1916இல் நியூயார்க்கில் எட்வின் கிராகின்ங்கிற மகப்பேறு மருத்துவர் சொன்னது. அப்போ கருப்பையை நெடுக்கே வெட்டினாங்க, அந்தத் தழும்பு அடுத்த பிரசவத்தில் பிளந்துக்கும். அவர் சொன்னது எச்சரிக்கை: அடுத்தடுத்த பிரசவத்தையும் அது பாதிக்கும், அதனால முதல் சிசேரியனை யோசிச்சுப் பண்ணுங்கன்னு. எச்சரிக்கையை நாம சட்டமா மாத்திட்டோம். யோசிக்கிறதை மட்டும் விட்டுட்டோம்.

15/
எவ்வளவு விட்டுட்டோம்? தேசிய குடும்ப நல ஆய்வு 5 (2019-21) படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9% சிசேரியன். தனியாரில் 63.8%. அரசு ஆஸ்பத்திரிகளில் 36%. அதுக்கு முந்தைய ஆய்வில் (2015-16) மொத்தமே 34.1%தான்.

சிசேரியன் உயிர் காக்கிற ஆபரேஷன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா முதல் பிரசவத்தில் தேவையில்லாம ஒண்ணு பண்ணினா, இரண்டாவது கர்ப்பத்தோட சிக்கலையும் அன்னைக்கே விதைச்சுட்டோம்னு அர்த்தம்.

16/
இன்னைக்குப் பெரும்பாலும் வெட்டு கருப்பையோட கீழ்ப்பகுதியில், குறுக்கே. அப்படி ஒரே ஒரு சிசேரியன் ஆனவங்க, சரியான தேர்வோட நார்மலுக்கு முயற்சி பண்ணினா 100 பேரில் 60 முதல் 80 பேருக்கு நார்மல் ஆகுது. தையல் விடுறது ஏறத்தாழ 200 பேரில் ஒருத்தருக்கு.

இதுக்கு முன்னாடி நார்மலா ஒரு குழந்தை பெத்திருந்தா வெற்றி வாய்ப்பு இன்னும் கூட. முதல் தடவை "வழி பத்தலை"ன்னு சிசேரியன் ஆனவங்களுக்குக் கொஞ்சம் குறைவு. நெடுக்கு வெட்டு, அல்லது முன்னாடியே தையல் விட்டவங்களுக்கு வேண்டவே வேண்டாம், நாள் குறிச்சு ஆபரேஷன்தான்.

17/
ஆனா அந்த 200இல் ஒருத்தருக்காக ஆஸ்பத்திரி தயாரா இருக்கணும். 24 மணி நேரமும் ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம். மூணும் இல்லாத இடத்தில் "நார்மலுக்கு ட்ரை பண்ணுவோம்"னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க.

இன்னொரு பக்கம் "இயற்கைப் பிரசவம், ஆஸ்பத்திரியே வேண்டாம்"னு ஒரு கூட்டம். 2018இல் திருப்பூரில் வீட்டில் பிரசவம் பார்த்து ஒரு இளம் தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனது நாடே அறிஞ்ச செய்தி. சிசேரியன் ஆன பொண்ணை வீட்டில் பிரசவம் பார்க்கச் சொல்றவங்களை இயற்கை ஆர்வலர்னு சொல்ல மாட்டேன். ஆபத்தானவங்கன்னு சொல்வேன்.

18/
சிசேரியன் ஆனவங்க அடுத்த கர்ப்பத்தில் தவறவே விடக் கூடாத ஒரு ஸ்கேன் கேள்வி: "நஞ்சு எங்கே இருக்கு? பழைய தழும்பு மேல உக்காந்திருக்கா?"

நஞ்சு கருப்பை வாயை மறைச்சுக்கிட்டு, பழைய தழும்புக்குள்ள வேர் விட்ட மாதிரி ஒட்டிக்கிட்டா, பிரசவத்தில் பிரியாது. பிரிச்சா ரத்தம் குழாய் திறந்த மாதிரி கொட்டும். கருப்பையையே எடுக்க வேண்டி வரலாம். நஞ்சு கீழே இறங்கி இருக்கிறவங்களில், முதல் சிசேரியன் அன்னைக்கு இந்த ஆபத்து 3%. இரண்டாவது சிசேரியனில் 11%. மூணாவதில் 40%. முன்கூட்டியே தெரிஞ்சா பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தோட தயாரா பண்ணலாம். தெரியாம வயித்தைத் திறந்தா அந்த தியேட்டரில் இருக்கிற எல்லாருக்கும் கெட்ட கனவு.

19/
இப்போ பி.பி. முதல் கர்ப்பத்தில் ப்ரீஎக்ளாம்ப்சியா, அதாவது பி.பி. ஏறி சிறுநீரகம், கல்லீரல், மூளை பாதிக்கப்படுற நிலை வந்தவங்களில் ஏறத்தாழ ஏழில் ஒருத்தருக்கு அடுத்த தடவையும் வருது. அதனால 34 வாரத்துக்கு முன்னாடியே குழந்தையை எடுக்க வேண்டி வந்திருந்தா, மூணில் ஒருத்தருக்கு.

இதுக்குத் தடுப்பு இருக்கு. விலை? ஒரு டீயை விடக் குறைவு. ஆஸ்பிரின்.

20/
2017இல் வெளிவந்த ஆஸ்ப்ரே ஆய்வில், ஆபத்து அதிகம் உள்ள கர்ப்பிணிகளுக்கு 11-14 வாரத்தில் தொடங்கி 36 வாரம் வரை ராத்திரி 150 மி.கி. ஆஸ்பிரின் குடுத்தாங்க. 37 வாரத்துக்கு முன்னாடி வர்ற ப்ரீஎக்ளாம்ப்சியா 62% குறைஞ்சது.

கவனிங்க: 12 வாரம் சுமாருக்கு ஆரம்பிக்கணும், 16 வாரத்தைத் தாண்ட விடக் கூடாது. ஆனா நம்ம வீடுகளில் "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லலாம், டாக்டர்கிட்ட போகலாம்"ங்கிற வழக்கம். கண்ணு பட்டுடும்னு காத்திருந்து, மருந்தோட நேரத்தை விட்டுடுறோம். ஊருக்குச் சொல்லாதீங்க, சரி. டாக்டர்கிட்ட சொல்லுங்க.

(டாக்டர் சொல்லாம நீங்களே வாங்கிப் போடாதீங்க. எல்லாருக்கும் ஆகாது.)

21/
பிரசவம் முடிஞ்சும் பி.பி. இறங்காம மாத்திரை சாப்பிடுறவங்க இன்னும் முக்கியமா கேளுங்க. டெல்மிசார்டான், ராமிப்ரில், எனலாப்ரில் மாதிரி மாத்திரைகள் கருவுக்கு ஆகாது. கர்ப்பத்துக்குத் திட்டம் போடும்போதே டாக்டரிடம் சொல்லி மாத்திக்கணும். மாத்திக்கணும்னுதான் சொன்னேன், நிறுத்தணும்னு சொல்லலை. வலிப்பு நோய்க்கு வால்ப்ரோயேட் சாப்பிடுறவங்களுக்கும் இதே பேச்சுதான்.

22/
சுகர். கர்ப்பத்தில் மட்டும் வந்த சுகர், பிரசவத்தோட போயிடும்னு சொல்லி அனுப்பிடுறோம். போகுதான்னு பார்க்கிறது யாரு? பிரசவம் ஆன ஆறு வாரத்துக்குப் பிறகு 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு டெஸ்ட் பண்ணணும். அதுக்கு வர்றவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். ஏன்னா ஆறாவது வாரம் குழந்தைக்கு ஊசி போட வர்றாங்க, அம்மாவை யாரும் உக்கார வச்சுக் கேட்கிறதில்லை.

கர்ப்பகால சுகர் வந்தவங்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடுத்த கர்ப்பத்திலும் வரும். நிரந்தர சுகரா மாறுற ஆபத்தும் மத்தவங்களை விடப் பல மடங்கு. குழந்தையோட இதயம் உருவாகிறது முதல் எட்டு வாரத்தில். அந்த நேரத்தில் அம்மாவுக்கு சுகர் 250 இருந்து, நாள் தள்ளிப்போனதை இரண்டாவது மாசம் கவனிச்சு, மூணாவது மாசம் டெஸ்ட் எடுத்தா, காப்பாத்த வேண்டிய காலம் முடிஞ்சே போயிருக்கும்.

23/
ரத்தம். முதல் பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு ஆனவங்களில் நூத்துக்குப் பதினைஞ்சு பேருக்கு அடுத்த தடவையும் ஆகுது. ரத்தப்போக்கை நிறுத்த மருந்து உண்டு, முறை உண்டு. ஆனா எச்.பி. 7இல் இருக்கிற பொண்ணு தாங்குறதும் 12இல் இருக்கிற பொண்ணு தாங்குறதும் ஒண்ணு இல்லை.

தமிழ்நாட்டில் 15-49 வயசுப் பொண்ணுங்களில் பாதிக்கு மேல ரத்தசோகைன்னு அதே குடும்ப நல ஆய்வு சொல்லுது. முருங்கைக்கீரை, சுவரொட்டி, பேரீச்சம்பழம் எல்லாம் நல்லது, சாப்பிடுங்க. ஆனா எச்.பி. 8ஐ கீரை மட்டும் 12 ஆக்காது. இரும்புச்சத்து மாத்திரை வேணும், மாசக்கணக்கில் வேணும். மாத்திரையோட டீ காபி குடிக்காதீங்க, சத்து உடம்பில் சேராது. மாத்திரை ஒத்துக்கலைன்னா நரம்பில் ஏத்துற ஊசி அரசு ஆஸ்பத்திரியிலேயே இருக்கு. இந்த வேலையைக் கர்ப்பத்தின் ஒன்பதாவது மாசத்தில் செய்யாதீங்க. கர்ப்பத்துக்கு முன்னாடி செய்யுங்க.

24/
ஃபோலிக் ஆசிட். கரு தரிக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாடியாவது தொடங்கணும். முதல் குழந்தைக்கு முதுகுத்தண்டு, மூளை வளர்ச்சிக் குறை இருந்திருந்தா வழக்கமான அளவு போதாது. டாக்டர் எழுதித் தர்ற 5 மி.கி. மாத்திரை வேணும். 1991இல் வெளிவந்த பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வில், இப்படி முன்கூட்டியே சாப்பிட்டவங்களுக்கு அந்தக் குறை மறுபடி வர்றது 72% குறைஞ்சது. "விதி"ன்னு சொன்னதில் முக்கால்வாசி ஒரு வைட்டமின் மாத்திரைதான்னு தெரிஞ்ச நாள் அது.

25/
இப்போ பேசக் கஷ்டமான விஷயம். முதல் குழந்தையைப் பறிகொடுத்தவங்க.

"சீக்கிரம் அடுத்தது பெத்துட்டா மறந்துடும்." இதைச் சொல்லாத வீடு இல்லை. சொல்றவங்க கெட்டவங்க இல்லை, துக்கத்தைப் பார்க்கத் தாங்காம சொல்றாங்க. ஆனா அடுத்த குழந்தை போன குழந்தைக்கு மாத்து இல்லை. மார்பில் பால் கட்டி நிக்கும்போது, குழந்தை இல்லாம வெறுங்கையோட வீட்டுக்கு வந்த பொண்ணு அவ. அழ விடுங்க. பேர் வச்சிருந்தா அந்தப் பேரைச் சொல்ல விடுங்க. அதோட, ஏன் இறந்துச்சுன்னு காரணம் தெரியாம அடுத்த கர்ப்பத்துக்குப் போறது, அதே குழியில் மறுபடி இறங்கிற மாதிரி.

26/
பயம். முதல் பிரசவத்தில் சாவைப் பார்த்துட்டு வந்த பொண்ணுக்கு இரண்டாவதுன்னாலே உடம்பு நடுங்கும். ராத்திரி தூக்கம் வராது, ஆஸ்பத்திரி வாசனை வந்தாலே வாந்தி வரும், வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தாலே பயம். இதுக்குப் பேரு "நடிப்பு" இல்லை, "ஊர்ல யாரும் பெக்கலையா"வும் இல்லை. இது சிகிச்சை உள்ள மனக்காயம்.

மனநல மருத்துவர்கிட்ட போறது அசிங்கம் இல்லை. போக முடியலைன்னா 14416 (டெலிமானஸ்), இல்ல 104க்கு போன் பண்ணுங்க. தமிழில் பேசலாம், காசு கிடையாது.

27/
செரீனா வில்லியம்ஸ் தெரியும்ல? உலகத்தோட தலைசிறந்த டென்னிஸ் வீராங்கனை. 2017 செப்டம்பரில் முதல் குழந்தை, அவசர சிசேரியன். மறுநாள் மூச்சு முட்டுச்சு. அவங்களுக்கு ஏற்கெனவே நுரையீரலில் ரத்தக்கட்டி வந்த வரலாறு உண்டு. "எனக்கு ஸ்கேன் எடுங்க, ரத்தம் உறையாத மருந்து போடுங்க"ன்னு அவங்களே வற்புறுத்த வேண்டியிருந்துச்சு. ஸ்கேனில் கட்டி இருந்துச்சு. அப்புறம் தையல் விட்டு, வயித்தில் ரத்தம் கட்டி, மறுபடி ஆபரேஷன். இரண்டாவது குழந்தை 2023 ஆகஸ்டில், ஆறு வருஷம் கழிச்சு.

தன் உடம்போட வரலாறு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அதனால பிழைச்சாங்க. அவ்வளவு பணமும் புகழும் உள்ளவங்களே வாயைத் திறந்து கேட்க வேண்டியிருந்துச்சுன்னா, நயினார்கோவில் பக்கத்துக் கிராமத்துப் பொண்ணு எவ்வளவு சத்தமா கேட்கணும்?

28/
"எங்க அப்பத்தா பத்து பெத்தா, களத்துமேட்டுல பெத்துட்டு அறுவடைக்குப் போனா"ன்னு கமெண்டில் வருவீங்க. தெரியும். பத்து பெத்த அப்பத்தாகிட்ட எத்தனை தங்குச்சுன்னு கேட்டுப் பாருங்க. அப்பத்தாவோட அக்கா தங்கச்சி, நாத்தனார் எத்தனை பேர் பிரசவத்தில் போனாங்கன்னும் கேளுங்க. பிழைச்ச அப்பத்தா மட்டும்தான் கதை சொல்ல மிஞ்சுவா.

2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தாங்க, தமிழ்நாட்டில் 54. இந்த வித்தியாசம் களத்துமேட்டுல கிடைச்சது இல்லை. கிராம சுகாதார செவிலியரும் ஆரம்ப சுகாதார நிலையமும் 108 ஆம்புலன்சும் ரத்த வங்கியும் சேர்ந்து கிடைச்சது.

29/
அதே அரசாங்கத்துக்கும் ஒரு கேள்வி. கர்ப்பம்னு தெரிஞ்சா பிக்மி நம்பர் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் உதவி உண்டு. மாசா மாசம் 9ஆம் தேதி சிறப்புப் பரிசோதனை உண்டு. எல்லாம் கர்ப்பம் ஆன பிறகு! இரண்டு கர்ப்பத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த இரண்டு மூணு வருஷத்துக்கு எந்த நம்பரும் இல்லை. வயித்தில் பிள்ளை இருந்தாதான் பொண்ணு நம்ம கண்ணுக்குத் தெரியுறாளா?

புதுசா கட்டடம் கேட்கலை. ஒன்பதாவது மாசம் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட அம்மா குழந்தையோட வர்றாங்க. அன்னைக்கே அம்மாவோட பி.பி., எச்.பி., சுகர் பாருங்க. முதல் பிரசவத்தில் சிக்கல் இருந்தவங்க பேரைத் தனியா எழுதுங்க. கருத்தடை பத்திப் பேசுங்க. பத்து நிமிஷ வேலை.

30/
எங்க ஆட்களுக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் "எமர்ஜென்சி எல்.எஸ்.சி.எஸ்."னு ஒரு வரி எழுதி முடிச்சுடாதீங்க. ஏன் பண்ணினோம், உள்ளே என்ன பார்த்தோம், அடுத்த கர்ப்பத்துக்கு என்ன செய்யணும்னு மூணு வரி கூட எழுதுங்க. அதைத் தமிழில் அந்தப் பொண்ணுகிட்டயே சொல்லுங்க. மாமியார்கிட்ட இல்லை, அவங்ககிட்ட. அந்த மூணு வரிக்கு ஆகிற நேரம், அடுத்த பிரசவத்தில் ராத்திரி 2 மணிக்கு வரலாறு தெரியாம முழிக்கிற நேரத்தை விடக் குறைவு.

31/
இடம். பரமக்குடியில் இருந்து ராமநாதபுரம் சுமார் 40 கி.மீ., மதுரை அதுக்கு இரண்டு மடங்கு தூரம். சாயல்குடி, கமுதி பக்கம் இருக்கிறவங்களுக்கு மதுரை இன்னும் தூரம். 2022 ஜனவரியில் ராமநாதபுரத்தில் மருத்துவக் கல்லூரி வந்தது நமக்குப் பெரிய ஆறுதல். ஆனா கட்டுப்படுத்தாத ரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்தில் உயிரை எடுத்துடும்.

அதனால வளைகாப்பு முடிஞ்சு எந்த ஊருக்குப் போறோம்ங்கிறதைச் சீர்வரிசையை வச்சு முடிவு பண்ணாதீங்க. அந்த வீட்டில் இருந்து ரத்தமும் தியேட்டரும் மயக்க மருந்து டாக்டரும் உள்ள ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், ராத்திரியில் யார் வண்டி எடுப்பாங்க, அதே ரத்த வகை உள்ள சொந்தக்காரங்க யாரு? இதை எட்டாவது மாசத்துக்குள்ள எழுதி வைங்க.

32/
கடைசியா ஒண்ணு. எல்லாத்தையும் பார்த்துட்டு, டாக்டர்கிட்ட பேசிட்டு, அந்தப் பொண்ணு "எனக்கு ஒண்ணே போதும்"னு சொன்னா, அதுவும் சரியான முடிவுதான். பிரசவத்தின்போது இதயத் தசை பலவீனமாகி அது இன்னும் சரியாகாதவங்க மாதிரி சிலருக்கு, அடுத்த கர்ப்பம் உயிருக்கே ஆபத்துன்னு நாங்களே சொல்வோம். "ஒத்தப் பிள்ளையா நிக்குமே"ங்கிறீங்க. அம்மா இல்லாம நிக்கிறதை விட அது ஒண்ணும் மோசம் இல்லை.

வேணும்னு சொன்னாலும் அவங்க முடிவு. தகுந்த தயாரிப்போட போனா, சிக்கலான முதல் பிரசவம் ஆன பெரும்பாலானவங்க இரண்டாவதை நல்லபடியா பெத்து வீட்டுக்கு வர்றாங்க. தினமும் பார்க்கிறேன்.

33/
இன்னைக்கு ராத்திரி செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. பீரோவைத் திறந்து முதல் பிரசவ ஃபைலைத் தேடுங்க. கிடைச்சா கவரில் போட்டு ஆதார் கார்டோட வைங்க. கிடைக்கலைன்னா நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் எழுதிக் குடுங்க.

அடுத்த தடவை கல்யாண வீட்டில் யாராவது "அடுத்தது எப்போ?"ன்னு கேட்டா, இந்தப் பதிவை அனுப்பி வைங்க.